உச்சியில் இறங்கும் வெயில்

முகத்தில் படுவதும் வழுக்கைத் தலையில் படுவதும் ஒரே வெயில்தான். ஆனால் இரண்டு இடத்திலும் அது ஒரே அளவில் விழுவதில்லை. நடுப்பகலில் நிற்கும் ஒருவரின் கன்னத்தைக் கதிர் சாய்வாக உரசிக்கொண்டு போகிறது. உச்சந்தலையில் நேராக இறங்குகிறது. இதில் மிகை எதுவும் இல்லை. கடகரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு ஆண்டில் இரண்டு நாள் சூரியன் செங்குத்தாகத் தலைக்கு மேலே வருகிறது. ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரி, 16 வாக்கில் மதுரை, 18 வாக்கில் திருச்சி, 24 வாக்கில் சென்னை என்று வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் அதே வழியாகத் திரும்புகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். மைதானத்தில் நட்டு வைத்த குச்சியின் நிழல், பன்னிரண்டு மணி தாண்டிய சில நிமிடங்களில் குச்சியின் அடிக்குள் ஒடுங்கிவிடும். அந்தக் குச்சி நிற்கும் இடத்தில் முடியில்லாத ஒரு தலையை வைத்து யோசித்துப் பாருங்கள்.

செல்பேசியின் வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு என்று ஓர் எண் வரும். அந்த எண், வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் கிடைமட்டமான பரப்பில் எவ்வளவு விழுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லப்படுவது. மனித உடலில் அப்படிக் கிடையாக வானத்தைப் பார்த்திருக்கும் இடங்கள் உச்சந்தலையும் தோள்களும்தான். தோளுக்குச் சட்டை இருக்கிறது. குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11ஐத் தொட்டால் மிகக் கடுமை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெளிந்த வானம் உள்ள சித்திரை நடுப்பகலில் நம் ஊர்களில் அது 11ஐத் தாண்டுவது வாடிக்கை. ஆகவே அந்த எண் வழுக்கை விழுந்தவர்களுக்கென்றே சொல்லப்படுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் நில அளவைத் தொழிலில் இருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டியபோதே முடி கொட்டத் தொடங்கி, இப்போது காதோரத்தில் மட்டும்தான் இருக்கிறது. லால்குடி, முசிறி, துறையூர் பக்கம் வயல்வெளியிலும் மனைப்பிரிவுகளிலும் நின்றுகொண்டே செய்யும் வேலை. எங்கள் தொழிலில் கருவிக்குக் குடை பிடிப்பது பாலபாடம். மட்டம் பார்க்கும் கருவியில் வெயில் ஒரு பக்கமாக விழுந்து சூடேறினால் குமிழி நகர்ந்துவிடும், அளவு பிசகிவிடும். அதனால் மூன்று காலில் நிற்கும் கருவிக்கு மேலே உதவியாளர் கவனமாகக் குடையை விரித்துப் பிடிப்பார். கருவிக்குப் பின்னால் குனிந்து நிற்பவரின் தலை குடைக்கு வெளியே இருக்கும். இளம் அளவையர்களிடம் நான் விடாமல் சொல்வது, அந்தக் குடையைப் பெரிதாக வாங்குங்கள் என்பதுதான். சாலையோரப் பழக்கடைக்காரர்கள் நட்டு வைக்கும் அளவில் ஒரு குடை, குத்தி நிறுத்த ஓர் இரும்புக் குழாய். கருவியும் ஆளும் ஒரே நிழலில் நிற்கலாம்.

நிழல் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துத் தரிசு நிலங்களில் கிடைப்பது சீமைக்கருவேல நிழல். அதன் பொடி இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். அதை நம்பித் தலையைக் காட்டக்கூடாது. புளிய மரமோ வேப்பமரமோ இருந்தால் நடந்து போயாவது அங்கே உட்காருவது நல்லது.

வெப்பம், புற ஊதாக் கதிர் என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர்கள் தலையைச் சுட்டுக்கொள்கிறார்கள். காற்றின் சூடு பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது. புற ஊதாக் கதிரோ சூரியன் உச்சிக்கு வரும் பன்னிரண்டேகால் மணியை ஒட்டியே உச்சத்தில் இருக்கிறது. காலை பத்தரை மணிக்குக் காற்று இதமாக இருக்கிறதே என்று தலையைத் திறந்து வைத்திருப்பவர், கதிரைப் பொறுத்தவரை பாதி ஆபத்துக்குள் நுழைந்துவிட்டவர். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கும் மேலே. குளிரில் சூடு உறைக்காது, ஆனால் மாலையில் அறைக்குத் திரும்பித் தலையில் கை வைத்தால் எரியும். மெல்லிய மேகமும் அப்படித்தான். வெளிச்சம் மங்கினாலும் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடுகிறது.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் தொப்பி வாங்குவது நம் வழக்கம். அது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. சூடு தாங்காத நாட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சூரியன் திருச்சிக்கு நேர் மேலே வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அக்னி நட்சத்திரமே பிறக்கிறது. பங்குனி பிறந்தால் தலையை மூட வேண்டும். ஆவணி முடியும் வரை மூட வேண்டும்.

தலைமுடி வெறும் அழகுக்கானதல்ல என்பதற்கு நல்ல சான்று ஒன்று 2023இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீனா லசிசியும் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, மனித உடலின் சூட்டைப் போலிசெய்யும் பொம்மைக்கு மனித முடியால் செய்த விக்குகளை மாட்டி, வெயிலைப் போன்ற விளக்கொளியில் வைத்து அளந்தார்கள். முடியில்லாத தலை மிக அதிகமாக வெயில் சூட்டை வாங்கியது. நேர்முடி அதைக் குறைத்தது. நெருக்கமான சுருள்முடி எல்லாவற்றையும்விட நன்றாகக் குறைத்தது. முடிக்கும் மண்டைத் தோலுக்கும் நடுவே நிற்கும் காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. முடி போனவர்கள் அந்த இடைவெளியைத் துணியாலும் தொப்பியாலும் மீட்டுக்கொள்ள வேண்டும்.

துணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இருப்பது துண்டு. நல்ல துண்டை அறிய எளிய வழி, அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பதுதான். மறுபக்கத்து விரல்கள் தெரிந்தால் கதிரும் அதன் வழியே உள்ளே வரும். பழசாகி நைந்த வெள்ளை ஈரிழைத் துண்டு ஒற்றை மடிப்பில் கொடுக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. நெருக்கமாக நெய்த, ஆழ்ந்த நிறமுள்ள துணி புற ஊதாக் கதிரை நன்றாக நிறுத்துகிறது. காசித்துண்டின் காவியும் பச்சையும் இந்த வகையில் நல்லவை. கறுப்பு நிறம் சூட்டை இழுக்குமே என்று கேட்பார்கள். துணி மண்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அந்தச் சூடு தலைக்கு வந்து சேரும். இடைவெளி இருந்தால் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த இடைவெளி எப்படி வருகிறது என்பதை லால்குடிக்கு அருகே ஒரு வயலில் கண்ணால் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர், அவருக்கும் முடி கிடையாது. துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்தார். ஒரு முனையைக் கொஞ்சம் தளர்வாகச் சுருட்டி உச்சியில் வைத்தார். மிச்சத்தை முன்னிருந்து பின்னாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறும்படி கொண்டுவந்தார். கடைசி முழம் வந்ததும் அதைச் செருகாமல் பிடரியில் தொங்க விட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, “இறுக்கிக் கட்டினால் தலை வேகும், தம்பி. காற்று நுழைய வழி விட வேண்டும்” என்றார். “பின்பக்கம் ஏன் ஐயா தொங்குகிறது?” என்று கேட்டேன். “நாற்று நடும்போது குனிந்துதானே நிற்கிறோம்? அப்போது வெயில் கழுத்தில்தானே அடிக்கும்?” என்றார். தொப்பி வாங்கும் எவரும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது: காற்று எங்கே போகும், குனிந்தால் எந்த இடம் வெளியே தெரியும்?

துண்டை நனைத்துக் கட்டுவதும் உண்டு. ஈரம் ஆவியாகும்போது தலை குளிரும். திருச்சி, கரூர், வேலூர் போன்ற வறண்ட வெயிலில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி காற்றிலேயே ஈரம் ததும்பும் ஊர்களில் அவ்வளவாகப் பலிக்காது. ஆனால் ஒன்று: நனைந்த பருத்தித் துணி வழியே கதிர் கூடுதலாக ஊடுருவும். ஆகவே நனைக்கிற துண்டை இரட்டை மடிப்பாகவாவது கட்ட வேண்டும்.

தொப்பிகளில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாதது, கிரிக்கெட் பார்க்கும் பையன்கள் போடும் முன்விளிம்புத் தொப்பி. காதுகளையும் பிடரியையும் அது கைவிட்டுவிடுகிறது. அளவைக் கூட்டிக் குறைக்கப் பின்னால் விடும் பிறை வடிவத் திறப்பு வழியாக வெயில் விழுந்து, தலையின் பின்பக்கத்தில் அதே வடிவில் கறுத்த பிறை ஒன்று பதிந்துவிடும். பக்கவாட்டில் வலை வைத்த தொப்பிகளும் வழுக்கைக்கு உதவாது. சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குக் குறையாத விளிம்பு, நெருக்கமான நெசவு, கன்னத்துக்குக் கீழே கட்டிக்கொள்ள ஒரு கயிறு. இவை மூன்றும் இருந்தால் வாங்கலாம். திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும் விற்கும் பனையோலைத் தொப்பி, ஓலை நெருக்கமாக முடையப்பட்டிருந்தால், மிக நல்ல தொப்பி. தலையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும், காற்று போகும், எடை தெரியாது.

வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டு வெயிலுக்கு அஞ்சிப் போட்டுக்கொண்ட சோலாத் தொப்பியும் இதே கணக்கில் செய்யப்பட்டதுதான். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுச் சோற்றால் அது செய்யப்பட்டது. தஞ்சாவூரில் பெரிய கோயில் கோபுரத்தையும் தெய்வ உருவங்களையும் வெண்மையாகச் செதுக்கித் தருகிறார்களே, புவிசார் குறியீடு பெற்ற அந்த நெட்டி வேலைக்கும் அதே செடிதான். சிறு சிறு அறைகளுக்குள் காற்றை அடைத்து வைத்திருப்பதால் வெப்பம் உள்ளே கடக்காது. இன்று கோடையில் போக்குவரத்துக் காவலர்களுக்குக் கொடுக்கும் வெயில் தொப்பியின் வடிவம் அங்கிருந்து வந்தது. அந்தத் தொப்பி கட்டடத் தொழிலாளர்களுக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும், தபால்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

குடையைப் பற்றி ஆண்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. என் தாத்தா காலத்தில் வளைந்த கைப்பிடிக் கறுப்புக் குடை இல்லாமல் எவரும் சந்தைக்குப் போனதில்லை. வெயில் இல்லாத நேரத்தில் சட்டைக் காலரின் பின்னால் அதை மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். இன்று மழைக்கு மட்டும்தான் ஆண் குடை பிடிக்கிறான்; வெயிலுக்குப் பிடித்தால் கூச்சப்படுகிறான். சாதாரண மழைக் குடைகளை எடுத்து அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. எந்தக் குடையும் 77 சதவீதத்துக்குக் குறையாமல் புற ஊதாக் கதிரைத் தடுத்தது. கறுப்புக் குடைகள் 90 சதவீதத்துக்குக் குறையாமல் தடுத்தன. தாத்தாவின் குடை கறுப்பாக இருந்தது. வழுக்கைத் தலையோடு மே மாதப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒரு மனிதருக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் எனக்குக் கடைசியில்தான் வருகிறது. அது கெட்டது என்பதல்ல; நாம் பூசும் விதத்தில் அது பாதிகூடப் பயன் தருவதில்லை. டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. நாம் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவுகிறோம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் ஒரு வழுக்கைத் தலைக்கு ஓரளவு போதும். எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசப்பட்டால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கை உள்ளே விடும், 50 ஐம்பதில் ஒரு பங்கை. வித்தியாசம் சிறியது, தாராளமாகப் பூசுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதும்தான் பெரிய விஷயம். களிம்பு வகை வேர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கி எரியும். வழுக்கைக்கு ஜெல் அல்லது குச்சி வடிவில் வருவது ஏற்றது. காது மடலின் மேல்விளிம்பையும் பிடரியையும் மறக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் உச்சிக்குக் குளிர்ச்சி என்று தடவுகிறவர்கள் தடவட்டும். வெயிலில் இறங்கும்போது அதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். வழுக்கை மெல்ல மெல்ல விழுகிறது. தோல் ஓரளவு வெயிலுக்குப் பழகிக்கொள்கிறது. வேண்டுதலுக்கு மொட்டை போட்ட தலை அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில் முடிக்கு அடியில் வெளிச்சமே காணாத வெளிறிய தோல், சவரக்கத்தி பட்டு மேல்தோல் உரசப்பட்ட நிலையில், ஒரே நிமிடத்தில் வெயிலுக்கு வருகிறது. சமயபுரம் மாரியம்மன் கோயில் தேர் சித்திரை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அதாவது ஏப்ரல் 14க்கும் 20க்கும் இடையே. திருச்சி வட்டாரத்துக்குச் சூரியன் நேர் மேலே வருவதும் அதே வாரத்தில்தான். ஆண்டு முழுவதிலும் உச்சந்தலைக்கு மிகக் கடுமையான வெயில் அடிக்கும் நாட்களில், மஞ்சள் ஆடை உடுத்தி வெறுங்காலில் பல மைல் நடந்து வரும் பக்தர்கள் முடி இறக்குகிறார்கள். கைக்குழந்தைகளுக்கும் இறக்குகிறார்கள்.

பக்தியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் குடும்பத்துக்கும் குலதெய்வ வேண்டுதல்கள் உண்டு. பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதும், அந்த நாட்களில் அவளுக்கு நீர்மோரும் பானகமும் துள்ளுமாவும் இளநீரும் படைப்பதும் கோடையின் கடுமையை நன்றாக அறிந்தவர்கள் வகுத்த முறைகள். கோயில் நிர்வாகங்களும் இப்போது பாதங்களை நினைக்கின்றன. கல்தரையில் தென்னைநார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளைக் குளிர்ச்சி வண்ணம் அடிக்கிறார்கள், பந்தல் போடுகிறார்கள். 2021இல் முடிகாணிக்கைக் கட்டணத்தையும் அரசு நீக்கியது. முடி இறக்கும் மண்டபத்தின் வாசலில் ஆளுக்கொரு பருத்திக் குல்லாவும் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நீர்மோர்ப் பந்தல் வைக்கும் அன்பர்கள் இதையும் செய்யலாம்.

சந்தனம் பூசியிருக்கிறோமே என்பார்கள். பூசியவுடன் குளிர்ச்சி, சுகம், மணம் எல்லாம் உண்மை. கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உச்சியில் பூசியது காய்ந்து, வெளிறி, மெல்லிய கோடுகளாக வெடிக்கிறது. குழந்தை தலையைத் தேய்க்க, பொருக்குப் பொருக்காக அம்மாவின் தோளில் உதிர்கிறது. மிச்சமிருப்பதை வேர்வை வழித்துக்கொண்டு காதோரம் ஓடுகிறது. அந்தத் திட்டுகளுக்கு நடுவே தெரியும் தோலுக்குக் காவல் ஏதுமில்லை. சந்தனத்தைப் பூசுங்கள், அது காய்ந்த பின் மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள்.

குழந்தையின் உடலில் தலை பெரிய பங்கு. பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் உடல் பரப்பில் 9 சதவீதம் என்றால், கைக்குழந்தைக்கு 18 சதவீதம். உடலளவோடு ஒப்பிட்டால் வெப்பத்தை வாங்கும் தலைப்பரப்பு இரண்டு மடங்கு. “எரிகிறது” என்று சொல்ல வாயும் வராத வயது. உச்சிக்குழி மூடுவதற்கே ஒன்றரை வயது ஆகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. விடியற்காலையில் முடி இறக்கி, எட்டு மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். அது முடியாது என்றால் மாலை நான்குக்கு மேல் போகலாம். அம்மாவின் முந்தானை ஒற்றை மடிப்பில் போதாது. அப்பாவின் துண்டு ஒன்று கூடவே இருக்கட்டும். காதுகுத்து விருந்து முடிந்து வேனுக்காக ரோட்டோரம் நிற்கும் பன்னிரண்டு மணிதான் பல குழந்தைகளின் தலையைச் சுடுகிறது.

சுட்டுவிட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மெதுவாக ஒற்றி வைக்கலாம். ஐஸ் கட்டியைத் தேய்க்கக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. நன்றாக ஆறும் வரை சவரம் வேண்டாம். தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு, தொட்டால் கொதிக்கும் உடம்பு என்றால் அது தோலோடு நிற்கும் விஷயமல்ல, வெப்பத் தாக்கு. உடம்பு முழுவதும் நீரூற்றிக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் பழுப்புத் தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதல் என்பதால் தோல் புற்றுநோய் வெள்ளைத்தோல்காரர்களுக்கு வருமளவு நமக்கு வருவதில்லை. அதற்காக வராமலே போவதில்லை. தலையில் வெண்புள்ளி இருப்பவர்களுக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் அந்தக் காவல் கிடையாது. மற்றவர்களிலும் பல ஆண்டு வெயில் பட்ட வழுக்கையில் சொரசொரப்பான சிறு திட்டுகள் வரலாம். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்கு உப்புத்தாள் போல் நெருடும். சிலவேளை அவை புற்றாக மாறக்கூடும். உச்சந்தலையை நம்மால் பார்க்க முடியாது என்பதுதான் இதில் சிக்கல். காதோர முடியை வெட்டப் போகும்போதெல்லாம் முடிதிருத்துபவரிடம் நான், “புதிதாக மச்சமோ புண்ணோ தெரிகிறதா, அண்ணே?” என்று கேட்டுவிடுவேன். அவர் விளக்கை இழுத்துப் பிடித்து, காதுக்குப் பின்னால் வரை விரலால் தடவிப் பார்த்துச் சொல்வார். ஒரு மாதமாக ஆறாத புண், திரும்பத் திரும்ப ரத்தம் கசியும் இடம், வளர்ந்துகொண்டே போகும் முடிச்சு, நிறமோ வடிவமோ மாறும் மச்சம் இவற்றில் எது இருந்தாலும் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவிலேயே தோல் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.